பெல்ட் சாண்டரை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு

பெல்ட் சாண்டரில், அதாவது உப்புத்தாள் வளையத்தைச் சுழற்றி மரத்தைத் தேய்க்கும் கை மெஷினில், ஆபத்து எப்போது என்று கேட்டால், மரத்தைத் தேய்க்கும் நேரம்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அதுதான் இருப்பதிலேயே பத்திரமான நேரம் என்று தோன்றும். இரண்டு கையும் மெஷின் மேல் இருக்கிறது, கண்ணும் அங்கேயே இருக்கிறது, சத்தத்தில் கவனம் வேறு எங்கும் போகாது. வம்பெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்: பிளக்கைச் சொருகுகிற நொடி, ஓடும் பெல்ட்டை மரத்தில் இறக்குகிற நொடி, முடிந்துவிட்டது என்று கீழே வைக்கிற நொடி, பெல்ட் மாற்றுகிற நேரம், நடுவில் கரண்ட் போய்த் திரும்பி வருகிற நேரம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்த இடங்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும், தேய்க்கும் கைப்பக்குவம் இரண்டு மூன்று பலகையிலேயே வந்துவிடும்.

பேச்சுக்கு ஒரு வேலையை வைத்துக்கொள்வோம். வீட்டில் கிடக்கும் ஒரு பழைய தேக்கு மேஜை. மேல்பலகை நாலு அடிக்கு இரண்டரை அடி. வார்னிஷ் கறுத்துப்போய், சூடான டம்ளர் வைத்த வட்டங்கள் அங்கங்கே வெள்ளையாகத் தெரிகின்றன. மூன்று பலகைகளைச் சேர்த்து ஒட்டியது, அதில் ஒன்று மட்டும் காலப்போக்கில் வளைந்து, விரலை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்கு மேலே நிற்கிறது. வேலை செய்கிற இடம் மொட்டை மாடி. உப்புத்தாளைக் கையில் வைத்துத் தேய்த்தால் தோள் கழன்றுவிடும், பெல்ட் சாண்டருக்கோ இது அளவெடுத்துச் செய்த வேலை.

முதலில் மெஷினைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிளக் போடாமல் மெஷினைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் ஓர் உருளை, பின்னால் ஓர் உருளை, நடுவில் தட்டையான இரும்புத் தகடு. இவற்றைச் சுற்றி முடிவில்லாத வளையமாக உப்புத்தாள் பெல்ட். பின் உருளையைத்தான் மோட்டார் சுற்றுகிறது, முன் உருளை சும்மா கூடவே உருண்டு பெல்ட்டை விறைப்பாக வைத்திருக்கிறது. வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது மூன்று அங்குல அகல மெஷின். உதாரணத்துக்கு மகிட்டா 9911 என்ற மாடலில் பெல்ட் 76 மி.மீ. அகலம், 457 மி.மீ. சுற்றளவு, மோட்டார் 650 வாட். வேகத்தை நிமிடத்துக்கு 75 மீட்டரிலிருந்து 270 மீட்டர் வரை திருகி மாற்றிக்கொள்ளலாம். முழு வேகத்தில் வைத்தால் நொடிக்கு நாலரை மீட்டர், அதாவது அந்தச் சின்ன வளையம் ஒரு நொடியில் கிட்டத்தட்ட பத்து சுற்று சுற்றிவிடுகிறது. நாலு அங்குல மெஷின்கள் இதைவிட வேகமானவை, எடையும் ஐந்தாறு கிலோ வரும், அவை தினமும் கதவு செய்கிற பட்டறைக்காரர்களுக்கு. முதல் மெஷின் என்றால் மூன்று அங்குலம், வேகம் குறைக்கும் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வாடகைக்கு எடுத்தாலும் அப்படியே.

இப்போது முக்கியமான விஷயம். பெல்ட்டின் அடிப்பக்கம் முன்னாலிருந்து பின்னால், உங்களை நோக்கி ஓடுகிறது. அதனால் மரத்தைத் தொட்டவுடன் இரண்டு நடக்கும். மெஷின் உங்களை விட்டு முன்னால் ஓடப் பார்க்கும், மரம் உங்கள் வயிற்றை நோக்கி வரப் பார்க்கும். பிடி தளர்ந்தால் மெஷின் போய்விடும், மரம் கட்டப்படாமல் இருந்தால் மரம் வந்துவிடும். கீழே சொல்லப்போகும் பாதி எச்சரிக்கைகள் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான். அமெரிக்காவில் இந்த மெஷின்களைப் பலகைத் தடத்தில் விட்டுப் பந்தயமே நடத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், தானாக ஓடுவதில் அவ்வளவு திறமை.

கைப்பிடியில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதன் பக்கத்தில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். சுவிட்சை அழுத்தியபடி பட்டனையும் அமுக்கினால் சுவிட்ச் அப்படியே மாட்டிக்கொள்ளும், விரலை எடுத்தாலும் மெஷின் ஓடும். லாக் என்பது இதுதான். பெரிய பலகைக்கு விரல் வலிக்காமல் இருக்க வைத்த வசதி. பழகும் வரை இந்தப் பட்டனைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. விரலை எடுத்தால் மெஷின் நிற்க வேண்டும், அந்த நம்பிக்கைதான் புதியவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

இதற்கெல்லாம் எடுக்காதீர்கள்

பழைய பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல், தொட்டில். காரைக்குடிப் பக்கம் பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் கதவுகளை வாங்கி வந்து மெஷின் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில், அதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமலில், ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம். பெல்ட் சாண்டர் அதை மாவாக்கி வீடு முழுக்கப் பரப்பும், தரையில் தவழும் குழந்தைதான் அதிகம் பாதிக்கப்படும். அந்தக் கதவுகளுக்கு பெயின்ட் ரிமூவர் போட்டு ஊறவைத்துச் சுரண்டுங்கள், மிச்சத்தை ஈரமாகவே வைத்துக் கையால் தேய்த்து எடுங்கள்.

அடுத்தது பிளைவுட். மேலே ஒட்டியிருக்கும் அலங்காரத் தோல் பல பலகைகளில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெல்ட்டை இறக்கி "சரி, தொட்டுவிட்டது" என்று நினைப்பதற்குள் அடி அடுக்கு வெள்ளையாகத் தெரிந்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர எந்த வழியும் இல்லை.

உள்ளங்கை அளவுத் துண்டுகளையும் இதில் தேய்க்க வேண்டாம். ஒரு கையில் துண்டு, ஒரு கையில் மெஷின் என்பது விரலுக்கு விலை பேசுவது. மெஷினைக் கவிழ்த்து வைஸில் இறுக்கி, மேலே ஓடும் பெல்ட்டில் துண்டைப் பிடித்துத் தேய்ப்பதைச் சில வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். கம்பெனியே அந்த மாடலுக்கென்று ஸ்டாண்டு கொடுத்தால் செய்யலாம். பிளாஸ்டிக் உடம்பை வைஸில் நெரித்துச் செய்ய வேண்டாம்.

மழைக்காலத்தில் ஊதிப்போய் இடிக்கும் கதவு விளிம்புக்கும் இது தேவையில்லை. ஒன்றரை அங்குல அகல விளிம்பில் மூன்று அங்குல மெஷின் நிற்காது, சாயும், விளிம்பு உருண்டுபோகும். தெரிந்த ஆசாரியிடம் சொன்னால் இழைப்புளியால் பத்து இழுப்பில் முடித்துவிடுவார். தூசியும் கிடையாது, சுருள் சுருளாக இழைப்புதான் விழும்.

உடை, மூச்சு, காது

லுங்கியும் தோளில் துண்டும் வேலைக்குச் சௌகரியம்தான், இந்த மெஷினுக்கு மட்டும் வேண்டாம். பெல்ட்டும் உருளையும் சேருகிற இடத்தில் துணியின் நுனி பட்டால் மெஷின் துணி வழியாக உங்களிடம் ஏறி வரும். துப்பட்டா, புடவைத் தலைப்பு, கழுத்துச் சங்கிலி, கையில் கட்டிய கயிறு, தளர்ந்த முழுக்கைச் சட்டை எல்லாமே அதே கணக்கு. பேன்ட், உடம்போடு ஒட்டிய அரைக்கைச் சட்டை, மூடிய ஷூ. நீண்ட முடியைக் கொண்டை போட்டு மேலே ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள். பின்னல் மட்டும் போதாது, குனியும்போது முன்னால் விழும். கட்டுமானக் கடையில் விற்கும் தளர்ந்த நூல் கிளவுஸையும் தவிர்த்துவிடுங்கள், விரலைக் காப்பாற்றுவதைவிட விரலை உள்ளே இழுக்கத்தான் உதவும்.

கண்ணுக்கு, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி. பவர் கிளாஸ் போட்டிருக்கிறேனே என்றால், அதன் மேலேயே மாட்டும் பெரிய கண்ணாடி கிடைக்கிறது. காதுக்கு, காதில் அடைக்கும் ஃபோம் அல்லது ஹெட்போன் மாதிரி மூடி. இந்த மெஷின்களின் சத்தம் சாதாரணமாக 85 டெசிபலைத் தொட்டு மேலேயும் போகும், அந்த அளவுக்கு மேல் நாள்முழுக்கக் கேட்டால் காது கெடும் என்பதுதான் பொதுவான வரம்பு. பாட்டு கேட்கும் இயர்போன் இதற்குப் பதிலாகாது, அதன் வயர் வேறு தொங்கும்.

மூச்சுக்கு வருவோம், இதில்தான் நம் ஊரில் அலட்சியம் அதிகம். கைக்குட்டை கட்டுவதோ, கொரோனா காலத்து நீல மாஸ்க் போடுவதோ கணக்கில் வராது, பக்கவாட்டு இடுக்கு வழியே நுண்ணிய தூள் தாராளமாகப் போகும். மரத்தூளைச் சும்மா இருமல் தரும் தூசி என்று நினைத்துவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-லேயே வைத்துவிட்டது. மூக்குப் பகுதியில் வரும் புற்றுநோயோடு தொடர்பு உள்ளது அது. ஒரு மேஜைக்கு மெஷின் போட்டதால் அது வந்துவிடாது, வருடக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளர்களின் பிரச்சினை அது. ஆனால் பழக்கம் என்பது முதல் மேஜையில்தான் தொடங்குகிறது. என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 என்று அச்சிட்ட மாஸ்க் வாங்கி, மூக்கின் மேல் உள்ள கம்பியை அழுத்தி, பலமாக ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று வந்தால் சரியாக உட்காரவில்லை. தாடி இருந்தால் எப்படிப் போட்டாலும் முழுசாக அடைக்காது, அதற்கேற்ப இன்னும் திறந்த இடமாகப் பாருங்கள்.

தேக்குக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். முதல் நாள் ஒன்றும் செய்யாமல், பழகப் பழக ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தச் சட்டையோடு கட்டிலில் போய் விழாதீர்கள்.

கரண்ட் விஷயம்

பெரும்பாலான மெஷின்களில் இரண்டு முள் பிளக்தான் வரும். மெஷினின் பெயர்ப்பட்டையில் கட்டத்துக்குள் கட்டம் போட்ட குறி இருக்கும், இரட்டைக் காப்பு என்று அர்த்தம், அதனால் எர்த் முள் இல்லை. பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது பிளக்கை வெட்டிவிட்டு இரண்டு வயரையும் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்குவதைப் பார்த்தால். எத்தனை கட்டடங்களில் பார்த்தாயிற்று! இழுத்து இழுத்து வேலை செய்கிற மெஷின் இது, அந்த வயர் எப்போது பிடுங்கிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது.

650 வாட் மெஷின் நம் 230 வோல்ட்டில் சுமார் மூன்று ஆம்பியர்தான் எடுக்கும், சாதாரண சாக்கெட் தாங்கும். 1,200 வாட் என்றால் ஐந்தைத் தாண்டும், அதை 16 ஆம்பியர் பாயின்டில் போடுங்கள். மாடிக்கு எக்ஸ்டென்ஷன் இழுப்பதாக இருந்தால் மொபைல் சார்ஜருக்கு வைத்திருக்கும் மெல்லிய வயர் பெட்டி ஆகாது, 1.5 சதுர மி.மீ. வயர் வேண்டும். உருளையில் சுற்றியிருந்தால் முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள், சுற்றியபடியே ஓட்டினால் உள்ளே சூடேறி உருகும். வீட்டு மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்து ஈரமான மாடியில் இந்த வேலை கிடையாது, நாளைக்குப் பார்க்கலாம்.

வயரைத் தோள் மேல் போட்டுப் பின்னால் விடுங்கள். உங்களுக்கும் மெஷினுக்கும் நடுவில் கிடந்தால், பின்னுக்கு இழுக்கும்போது மெஷின் தன் வயரையே மென்றுவிடும். அப்படி மாட்டினால் கையால் இழுக்கக் கூடாது, சுவிட்சை விட்டு, சுவரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தொட வேண்டும்.

பிளக் சொருகும் முன் ஒவ்வொரு முறையும் சுவிட்சை ஒருமுறை அழுத்தி விடுங்கள். லாக் மாட்டியிருந்தால் டக்கென்று விடுபடும். இதைச் செய்யாமல் சொருகினால், தரையில் கிடக்கும் மெஷின் உயிர் வந்தாற்போல் பாயும், சாக்கெட் பக்கம் குனிந்து நிற்கும் நீங்கள் அதைப் பார்க்கக்கூட மாட்டீர்கள்.

கரண்ட் போகிற விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். லாக் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், கரண்ட் போய்விட்டது, மெஷின் நின்றது. நீங்கள் அதை மேஜை மேலேயே வைத்துவிட்டுக் கீழே தண்ணீர் குடிக்கப் போகிறீர்கள். பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தால், ஆள் இல்லாத மாடியில் மெஷின் தானே கிளம்பி, மேஜை ஓரத்தைத் தாண்டி விழும். அங்கே குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. கரண்ட் போனால் முதல் வேலை லாக்கை விடுவது, இரண்டாவது வேலை பிளக்கைக் கழற்றுவது. ஃபேன் சுவிட்சை அணைக்க மறந்தால் ஒன்றும் ஆகாது, இதில் அப்படி இல்லை.

பெல்ட் மாட்டுவது

பிளக் கழற்றியாயிற்றா? சுவரில் சுவிட்ச் ஆஃப் என்பது போதாது, பிளக்கே வெளியே உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பக்கவாட்டில் உள்ள நெம்பை வெளியே இழுத்தால் முன் உருளை பின்வாங்கும், பழைய பெல்ட் தளர்ந்து வந்துவிடும். இந்த நேரத்தில் தகட்டையும் பாருங்கள். அதன் மேல் கார்க்கும் அதை மூடிய வழவழப்பான கறுப்பு கிராஃபைட் பட்டையும் இருக்கும். அது கிழிந்து இரும்பு தெரிந்தால் பெல்ட் சூடேறி மரத்தைக் கருக்கும், மாற்ற வேண்டும். வாடகை மெஷின்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

புது பெல்ட்டின் உட்புறத்தில் அம்புக்குறி இருக்கும், மெஷின் பக்கவாட்டிலும் இருக்கும். இரண்டும் ஒரே திசை பார்க்க வேண்டும். பெல்ட்டின் ஒட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும், எதிர்த்திசையில் ஓட்டினால் மரத்தின் ஓரம் அந்த ஒட்டைக் கிளப்பிவிடும், பெல்ட் அறுந்து கையில் அடிக்கும். அம்பே இல்லாமல் அடியில் நாடா வைத்து ஒட்டிய பெல்ட் என்றால் எப்படியும் போடலாம். ரொம்ப நாள் ஈரக்காற்றில் கிடந்த பெல்ட்டின் ஒட்டை விரலால் வளைத்துப் பாருங்கள், மொறுமொறுவென்று விரிசல் விட்டால் காசு போனால் போகிறது, தூக்கிப் போடுங்கள்.

மாட்டி, நெம்பை மூடி, மெஷினைத் தூக்கி அடிப்பக்கம் தெரியப் பிடித்துக்கொண்டு, பிளக் போட்டு, சுவிட்சை ஒரு நொடி தட்டி விடுங்கள். பெல்ட் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். உள்பக்கம் போனால் மெஷினின் உடம்பையே அரைக்கும், வெளிப்பக்கம் போனால் கழன்று பறக்கும். முன்பக்கத்தில் இருக்கும் திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடி தட்டிப் பாருங்கள். பெல்ட்டின் ஓரமும் தகட்டின் ஓரமும் ஒன்றாக நின்றுவிட்டால் சரி. சில மாடல்களில் மெஷினே இதைச் சரிசெய்துகொள்ளும், ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்த நம்பர் பெல்ட்? நம்பர் குறையக் குறைய உப்புத்தாளின் மணல் பெரிது, கடியும் அதிகம். வார்னிஷும் மேடும் உள்ள நம் மேஜைக்கு 80-இல் தொடங்குங்கள். 80 திணறினால் மட்டும் 60. கடைக்காரர் 40 கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மாட்ட வேண்டாம், அது உழவு ஓட்டுகிற சமாச்சாரம். கடைசியாக 120.

மேஜையைக் கட்டுங்கள்

கனமான மேஜைதானே, எங்கே போகும் என்று விட்டுவிட வேண்டாம். கால்களோடு நின்றால் சுவரோரம் தள்ளி வையுங்கள். பலகை மட்டும் கழற்றி வைத்திருந்தால் இரண்டு ஓரத்திலும் சி கிளாம்ப் போடுங்கள், கிளாம்ப்பின் தலை மெஷின் ஓடும் பாதையில் வராதபடி. கிளாம்ப் போட இடமில்லை என்றால் நீங்கள் நிற்கும் பக்கத்து விளிம்பில், பலகையைவிடத் தடிமன் குறைந்த ஒரு ரீப்பரை அடித்து முட்டுக்கொடுங்கள். மரம் உங்களை நோக்கித்தான் தள்ளப்படும் என்று மேலே சொன்னேனே, அதனால் முட்டும் உங்கள் பக்கம்.

பிறகு ஒரு காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பாருங்கள். பழைய மேஜைகளில் வார்னிஷுக்கு அடியில் ஆணித் தலை ஒளிந்திருக்கும். பெல்ட் அதில் பட்டால் கிழியும், பொறியும் பறக்கும், அந்தப் பொறி நேராகத் தூசிப் பைக்குள் போகும். ஆணியைப் பிடுங்க முடியாவிட்டால் பஞ்ச் வைத்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே அடித்துவிடுங்கள்.

இப்போது ஒரு பென்சிலை எடுத்துப் பலகை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்குங்கள். தேய்க்கத் தொடங்கியதும் மேட்டில் உள்ள கோடு முதலில் அழியும், பள்ளத்தில் உள்ளது கடைசிவரை நிற்கும். எங்கே இன்னும் தேய்க்க வேண்டும், எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

மரத்தில் இறக்குவது

காலை ஒன்று முன்னே, ஒன்று பின்னே அகட்டி நில்லுங்கள். ஒரு கை சுவிட்ச் பிடியில், மறு கை முன் பிடியில். வேகத் திருகை நடுவுக்குக் கீழே வையுங்கள். மெஷினை மரத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி சுவிட்சை அழுத்தி, வைத்த வேகத்துக்கு முழுதாக வரும் வரை பொறுங்கள். மரத்தின் மேல் வைத்துக்கொண்டு சுவிட்ச் போட்டால் பெல்ட் ஒரே பிடியாகக் கவ்வி மெஷினை முன்னால் எறியும்.

இறக்கும்போது விமானம் தரை இறங்குகிற மாதிரிதான்: முன்னோக்கி நகர்ந்துகொண்டே, பின்பக்கம் ஒரு மயிரிழை முன்னதாகத் தொட்டு, உடனே முழுத் தகடும் சமமாகப் படிய வேண்டும். தொட்ட நொடியில் முன்னால் இழுக்கும். அந்த இழுப்பை எதிர்பார்த்து இருந்தால் ஒன்றுமில்லை, எதிர்பாராமல் இருந்தால்தான் பதறி அழுத்துவோம். அழுத்தாதீர்கள். மூன்று கிலோ எடையே போதும். உங்கள் கைக்கு இருக்கும் வேலை, ஓடப் பார்க்கும் மெஷினைப் பிடித்து நிறுத்தி வழிகாட்டுவது மட்டும். அழுத்தினால் மோட்டார் திணறும், பெல்ட்டில் வார்னிஷ் உருகி அப்பிக்கொள்ளும், மரத்தில் கறுப்புத் தடம் விழும்.

நிற்கவும் கூடாது. ஒரே இடத்தில் இரண்டு நொடி நின்றால் 80 நம்பர் பெல்ட் ஒரு குழி எடுத்துவிடும். அது அப்போது கண்ணுக்குத் தெரியாது, பாலிஷ் போட்டு விளக்கு வெளிச்சம் சாய்வாக விழும்போது அலை அலையாகத் தெரியும். பெல்ட் சாண்டர் மேல் வரும் புகாரில் பெரும்பங்கு இந்த அலைதான். மெதுவாக நடக்கும் வேகத்தில் முன்னே போங்கள், அதே பாதையில் பின்னே வாருங்கள், அடுத்த வரிசையில் பாதி அகலம் பழைய பாதையின் மேல் ஏறட்டும். முன்னும் பின்னுமாக இரண்டு முழு நீளமும் போகாமல் துண்டு துண்டாக அங்கேயே ஆட்டினால் திரும்பும் இடங்களில் எல்லாம் பள்ளம் விழும்.

நம் மேஜையில் ஒரு பலகை உயர்ந்து நிற்கிறதே, அதற்கு முதல் சுற்றை ரேகைக்கு, அதாவது மரத்தின் நார் ஓடும் திசைக்கு, குறுக்காக, மூலைவிட்டமாக ஓட்டுங்கள். ஒருமுறை இடமிருந்து வலம் சாய்வாக, அடுத்து வலமிருந்து இடம். சாய்வாகப் போகும்போது தகடு இரண்டு பலகைகளின் மேலும் ஒரே நேரத்தில் பாலமாக நிற்கும், உயர்ந்ததை மட்டும் கடிக்கும். பென்சில் கோடு எல்லாம் அழிந்து, இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரியவில்லை என்றானதும் ரேகை போகும் திசைக்கு மாறுங்கள். குறுக்குக் கீறல் எல்லாம் போகும் வரை நேராக மட்டும். பிறகு பெல்ட் மாற்றி 120, அதுவும் நேராக மட்டும். 60-இல் தொடங்கியவர்கள் நேராக 120-க்குத் தாவ வேண்டாம், 60 போட்ட கீறலை 120 எடுக்காது, நடுவில் 80 அல்லது 100 வேண்டும்.

ஓரத்தில் கவனம். பலகை முடியும் இடத்தில் தகட்டின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே போனால் மெஷின் மூக்கைக் கவிழ்க்கும், விளிம்பு உருண்டுவிடும். அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். இந்தக் கவலையே வேண்டாம் என்றால் சில கம்பெனிகள் சாண்டிங் ஃபிரேம் என்று ஒன்றைத் தனியாக விற்கின்றன. மெஷினைச் சுற்றி மாட்டும் சட்டம், அது பெல்ட் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தடுத்துப் பிடிக்கும், கவிழவும் விடாது. உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் முதல் வருடத்துக்கு அதை மாட்டியே வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடுக்கும்போதும் அதே ஒழுங்கு, தலைகீழாக. ஓடிக்கொண்டே இருக்கும்போது மரத்தை விட்டுத் தூக்குங்கள், அப்புறம் சுவிட்சை விடுங்கள், பெல்ட் முழுதாக நிற்கும் வரை காற்றில் பிடித்துக்கொண்டே இருங்கள். மூன்று நாலு நொடிதான். யாராவது கூப்பிட்டால் கூப்பிடட்டும். நின்ற பிறகு பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், பெல்ட் எதையும் தொடாதபடி. பக்கத்தில் உதவிக்கு நிற்பவர் தூளைக் கையால் தள்ளிவிட வந்தால், மெஷின் நின்ற பிறகுதான் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பெல்ட் அடைத்துக்கொண்டு வழுக்கத் தொடங்கினால் உடனே மாற்ற வேண்டியதில்லை. இதற்கென்று கிரேப் ரப்பர் கட்டை விற்கிறது. மெஷினை அசையாதபடி கட்டிவிட்டு, ஓடும் பெல்ட்டில் அந்த நீளக் கட்டையை லேசாகத் தொட்டால் அப்பியிருக்கும் தூள் ரப்பரோடு உருண்டு வந்துவிடும். கட்டை ஒரு சாணாவது நீளம் இருக்க வேண்டும், துண்டாகத் தேய்ந்துபோனதை வைத்துச் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தூசிப் பை

மெஷினுக்குப் பின்னால் இருக்கும் துணிப் பை பாதி தூளைத்தான் பிடிக்கும், மீதி காற்றில்தான். வேக்யூம் கிளீனர் குழாயை மாட்ட முடிந்தால் நல்லது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே கொட்டிவிடுங்கள். வேலை முடிந்த அன்றே, பையை முழுக்க உதறி வையுங்கள், நாளைக்கு என்று மூலையில் போடாதீர்கள். ஆணியில் பட்ட ஒரு பொறி அந்தத் தூளுக்குள் கனன்றுகொண்டே இருந்து மணிக்கணக்கு கழித்துப் பற்றலாம், வார்னிஷ் தூள் கலந்திருந்தால் இன்னும் மோசம். மூடி உள்ள தகர டப்பாவில் போட்டு வீட்டுக்கு வெளியே வைக்கலாம். இதே மெஷினில் இரும்பைத் தேய்ப்பதாக இருந்தால் பையைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் மரத்தூளையும் துடைத்த பிறகே தொடங்க வேண்டும்.

பட்டுவிட்டால்

பெல்ட் கையில் பட்டால் கத்தி மாதிரி வெட்டாது, தோலைச் சுரண்டி எடுக்கும், கூடவே தூளையும் உப்புத்தாள் மணலையும் காயத்துக்குள் தேய்த்துவிடும். முதலில் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். குழாய் நீரில் நன்றாக, எரிந்தாலும் பரவாயில்லை என்று, ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், பேனா மை, ஒன்றும் வேண்டாம், டாக்டர் அதையும் சேர்த்துச் சுரண்ட வேண்டியிருக்கும். சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், டி.டி. (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். கண்ணில் தூள் விழுந்தால் கசக்கக் கூடாது, இமையை விரித்துத் தண்ணீர் விடுங்கள். உறுத்தல் போகவில்லை என்றால் அன்றே கண் மருத்துவரிடம்.

மேஜையின் மிச்ச வேலை

120 முடிந்ததும் பெல்ட் சாண்டரின் வேலை முடிந்தது. இதற்கு மேல் மென்மையாக்க அதைப் பயன்படுத்த வேண்டாம். 120 தாளை ஒரு சமமான கட்டையில் சுற்றிக் கையால் ரேகையோடு ஒரு சுற்று, பிறகு 180. மெஷின் எட்டாத ஓரமும் மூலையும் இந்தக் கையால்தான். விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைப் பலகையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பாருங்கள், மீந்திருக்கும் கீறல் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். தூளைத் துடைத்து, மாடியையும் பெருக்கி, தூசி அடங்கிய பிறகு, குறைந்தது மறுநாள் காலையில் பாலிஷைத் தொடங்குங்கள்.

மெஷினை வைக்கும் முன் பெல்ட்டின் நெம்பைத் தளர்த்திவிடுங்கள், இறுக்கத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் உருளை இருக்கும் இடத்தில் மடிப்பு விழும். மிச்சப் பெல்ட்களை மடிக்காமல் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டில் தொங்கவிட்டு, ஈரச் சுவரில் படாமல் வையுங்கள். காற்றுத் துளைகளில் அடைத்திருக்கும் தூளைப் பெயின்ட் பிரஷால் தட்டிவிடுங்கள். ஓடும்போது பின்பக்கத் துளை வழியாக நீலப் பொறி அதிகமாகத் தெரிந்தாலோ, மோட்டார் விட்டு விட்டு ஓடினாலோ கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்திருக்கலாம், சர்வீஸ் சென்டரில் அந்த மாடலின் நம்பரைச் சொல்லி ஜோடியாக வாங்கி இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.